வல்லின ‘று’ போடுங்கள்

கேள்வி: குழந்தைக்குக் கன்னத்தில் கருப்புப் பொட்டு வைக்கிறோம். அதே கருப்பில் புடவை எடுத்தால் கல்யாணத்துக்கு ஆகாது என்கிறார் மாமியார். கருப்பு மங்களமா, அமங்களமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் அந்த ‘ரு’வை மாற்றுங்கள். மூன்று இடத்திலும் கருப்பு என்றே எழுதியிருக்கிறீர்கள். கருமை, கரிய, கருங்கல் எல்லாம் இடையின ர, சரி. ஆனால் சிவந்தால் சிவப்பு, வெளுத்தால் வெளுப்பு, கறுத்தால் கறுப்பு. அகராதியைப் புரட்டினால் கருப்புக்குப் பஞ்சம் என்றொரு பொருள் இருக்கிறது. காவிரி வராத வருஷத்துக்குப் பொருந்துகிற சொல் அது. கரும்பும் வில்லோடு சேர்ந்தால் கருப்புவில், பிழிந்தால் கருப்பஞ்சாறு. பஞ்சமும் கரும்பும் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் நிறத்தையும் ஏன் கொண்டுபோய் அடைக்க வேண்டும்? கடைப் பலகைகளில் இந்தப் பிழையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். முதலில் சொன்னது கோபம். நிறத்துக்கும் அந்தச் சொற்கள் உரியவை என்பது அடுத்த நூற்பா. ‘உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருக்கிறான்’ என்கிறோமே, அந்தக் கறுவல் இதன் உறவுதான். பொங்கலுக்குச் சூரக்கோட்டைப் பக்கமிருந்து வரும் கரும்புக் கட்டைப் பாருங்கள்: தோல் கறுத்துக் கிடக்கும், பெயர் செங்கரும்பு.

மாமியாரிடம் மசக்கைக் கறுப்பைப் பற்றிக் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண வீடுகளில் கர்ப்பிணிக்கு வளைகாப்பில் கட்டிவிடும் கறுப்புப் பட்டு அது. முகூர்த்தத்தில் ஒதுக்கிய நிறத்தை, வயிற்றுப் பிள்ளைக்குக் கண் படாதிருக்க அவர்களே சுற்றிக் கட்டுகிறார்கள். பிறந்த பிறகு அதே வேலையைக் கன்னத்துப் பொட்டு செய்கிறது.

அந்தப் பொட்டைக் கடையில் வாங்காதீர்கள். விற்பனைக்கு வரும் மைகள் சிலவற்றில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலேயே சாந்து கிண்டலாம். 100 கிராம் ஜவ்வரிசியை இரும்பு வாணலியில் சிறுதீயில் போட்டு, கை எடுக்காமல் வறுங்கள். பழுப்பாகி, பொரிந்து, புகைந்து, கடைசியில் இளகித் தார் போல ஒட்டும். அதுதான் பதம். பழுப்பிலேயே இறக்கினால் காபி டிகாக்‌ஷன் நிறம்தான் கிடைக்கும். அடுப்பை அணைத்து, ஒரு டம்ளர் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் முகத்தில் தெறிக்கும். மறுபடி கொதிக்கவிட்டுக் கரைந்ததும் துணியில் வடிகட்டி, குழம்புப் பதத்துக்குச் சுண்டவிட்டுக் கொட்டாங்கச்சியில் ஊற்றுங்கள். மேலே மெல்லிய துணி கட்டி, தட்டினால் கல் மாதிரி சத்தம் வரும்வரை வெயிலில் காயவேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வேண்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்துக் கன்னத்திலும் உள்ளங்காலிலும் வையுங்கள். கண்ணுக்குள் மட்டும் எந்த மையும் கூடாது.