இறந்த கைக்குழந்தைக்கு ஸ்கேன் போதாதா, அறுக்கத்தான் வேண்டுமா?

தூளியிலிருந்து விழுந்ததாகச் சொல்லி, ஏற்காட்டிலிருந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறந்த குழந்தையைக் கொண்டுவந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்கேன் மட்டும் போதாது. சி.டி.யில் மண்டையோட்டு முறிவு நன்றாகத் தெரியும். ஆனால் பச்சைக் குழந்தைக்கு மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது. அந்த இடைவெளிக் கோட்டையே விரிசல் என்று நினைத்துவிடலாம். பழகிய கண் வேண்டும். மூளைத் திசுவைப் பார்க்க எம்.ஆர்.ஐ. மேல். மூளைமேல் படியும் மெல்லிய ரத்தப் படலமும் விழித்திரை ரத்தக் கசிவும் இரண்டு ஸ்கேனிலும் தப்பிவிடலாம், அதற்குக் கத்திதான்.

என்னைக் கேட்டால், ஸ்கேனின் பெரிய உபயோகம் தலைக்குக் கீழேதான். ஆறிக்கொண்டிருக்கும் பழைய விலா முறிவு தெரிந்தால் தூளிக் கதை ஆட்டம் காணும். சரி, உடனே பெற்றோரைக் கைகாட்டலாமா? கூடாது. எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய், ரத்தம் உறையாத கோளாறு இவை இல்லை என்று முதலில் உறுதியாக வேண்டும்.