ராஜினாமா கடிதம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: தக்கலையில் வசிக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து நான்கு ஆண்டு மூன்று மாதம் ஆகிறது. மகப்பேறு விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. கைக்கு வரும் சம்பளம் 22,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 15,000. மகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவுக்கு 7,000, பஸ்ஸுக்கு 1,200, பால்பொடி, மதியச் சாப்பாடு என்று 2,300 போனால் 11,500தான் மிச்சம். “இதற்காகவா கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிறாய்?” என்கிறார் மாமியார். கணவர் கத்தாரில் எலக்ட்ரீஷியன். மருத்துவமனையிலோ, “ராஜினாமா கொடுத்துவிட்டு, வசதிப்படும்போது புதிதாகச் சேர்ந்துகொள்” என்கிறார்கள். பிரசவத்துக்கு வைத்த நகை வேறு அடகுக் கடையில் இருக்கிறது. கடன் 1,20,000, நூற்றுக்கு இரண்டு வட்டி.

பதில்: முதலில், அந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அக்கறையாகச் சொல்வதுபோல் இருந்தாலும் லாபம் அவர்களுக்குத்தான். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால், வேலையை விடும்போது பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்று ஒரு மொத்தத் தொகை உண்டு. உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு, மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் 15 நாள் சம்பளம் பெருக்கல் ஐந்து ஆண்டு என்று பார்த்தால் சுமார் 43,000 ரூபாய். அதற்கு இன்னும் ஒன்பதே மாதம்! 26 வார மகப்பேறு விடுப்பும் தொடர் பணியாகவே கணக்கில் வரும். ராஜினாமா கொடுத்துப் புதிதாகச் சேர்ந்தால் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவதும், விடுப்பைக் காரணம் காட்டி நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டப்படி செல்லாது. இன்ன தேதியில் பணிக்குத் திரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

அடுத்து உங்கள் கணக்கு. 7,000 ரூபாயை உங்கள் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்கிறீர்கள்? குழந்தை உங்கள் ஒருவருடையதா? பாதியைக் கத்தாரிலிருந்து வரும் பணத்தில் கழித்துப் பாருங்கள், மிச்சம் 15,000 ஆகிறது. வருங்கால வைப்பு நிதியை நீங்கள் சேர்க்கவே இல்லை. உங்கள் பங்கு 1,800, நிர்வாகத்தின் பங்கு 1,800. இதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து ஆண்டு சேவை நிறைந்தால்தான் மாத ஓய்வூதியம் என்பதால், இடையில் எடுத்துவிடாதீர்கள். செவிலியர் பலர் வேலையை விட்டதும் முதலில் செய்வது அதைத்தான்.

பஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 1,200ஐ மிச்சம் பிடிக்கலாம்தான். ஆனால் முதல் ஆறு மாதம் சீக்கிரம் வீடு சேர்க்கிற பஸ்ஸிலேயே போங்கள். மார்பு கனத்து, ஜாக்கெட் நனைந்து, நெரிசலில் நிற்கும் நேரம் அது. அந்த இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உங்கள் உரிமை. தக்கலைக்குப் போய்வர முடியாது, அதனால் இரண்டையும் சேர்த்துப் பணி முடிவில் முன்கூட்டியே கிளம்ப அனுமதி கேளுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் குழந்தைகள் காப்பகம் ஏற்படுத்துவது நிர்வாகத்தின் கடமை. அதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக நகை. நூற்றுக்கு இரண்டு என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். மாதம் 2,400 ரூபாய் வட்டி. அதாவது குழந்தையைப் பார்க்கும் ஆயாம்மாவின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,000தான். விடுப்புச் சம்பளத்தில் மிச்சம் இருந்தால் அதைப் போட்டு, மீதிக்குக் கணவரிடம் ஒரு மாதத்துக்கு முன்பணம் கேட்டு மீட்டு, அன்றைக்கே வங்கியில் வையுங்கள். செல்வமகள் சேமிப்புக் கணக்கை உறவினர் வற்புறுத்துவார்கள். மகளுக்குப் பத்து வயது ஆகும்வரை தொடங்கலாம், அவசரமில்லை. இப்போதே வேண்டுமென்றால் 250 ரூபாய் போட்டுத் தொடங்கி வையுங்கள். முதலில் நகை.

மீட்கப் போகும்போது பழைய ரசீதை எடுத்துச் செல்லுங்கள். நகையை அங்கேயே எடை போட்டுப் பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள்.