பதிவு பொத்தானைத் தொட்டதும் விரல் நின்றுவிடுகிறதா?

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். வேலை முடிந்து வந்ததும், பழைய அப்ரைட் பியானோவில் மனதுக்குத் தோன்றியதை வாசிப்பேன். நன்றாக வருகிறதே என்று கைப்பேசியில் பதிவு செய்யப் போனால் எல்லாம் மறந்துவிடுகிறது. மறுபடி வாசித்தால் உயிரே இல்லை. பதிவிலும் மெல்ல வாசித்ததும் ஓங்கி வாசித்ததும் ஒரே மாதிரி கேட்கின்றன. சில கட்டைகள் சுருதி விலகியும் இருக்கின்றன. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?
- வாசகி, கோலாலம்பூர்

பதில்: மைக் இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. நன்றாக வரும்போது பதிவு செய்யலாம் என்று காத்திருக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். நன்றாக வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்போதே பாதி போய்விட்டிருக்கும். எழுந்து கைப்பேசியைத் தேடுவதற்குள் மீதியும் போய்விடும். அதனால் வீட்டுக்குள் வந்து முகம் கழுவும்போதே பதிவை ஓடவிடுங்கள். தேத்தண்ணீர் கலக்கும் சத்தமும் ஸ்டூலை இழுக்கும் சத்தமும் சேர்ந்தே பதியட்டும். கொஞ்ச நேரத்தில் அது ஓடுவதே உங்களுக்கு மறந்துவிடும். இடம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். சுருக்காத ஸ்டீரியோ பதிவு, சிடி தரத்தில், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பிதான். வேண்டாததை வார இறுதியில் அழித்துவிடலாம்.

மறுபடி வாசித்தால் உயிர் இல்லை என்கிறீர்கள். இருக்காதுதான். நேற்றுப் பாடிய காம்போதி ஆலாபனையை அப்படியே இன்றும் பாடுங்கள் என்று எந்த வித்வானிடமும் கேட்கமாட்டோம். மனோதர்மம் அந்த நேரத்துக்கு உரியது. பிடித்த ஒரு சங்கதியை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகப் புறப்படுங்கள். முதல் பதிவு, பிசிறுகளோடு, அப்படியே இருக்கட்டும். அதைத் திருத்தி வாசிக்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

ஒலி ஒரே மட்டத்தில் கேட்பது உங்கள் கையில் உள்ள குறையில்லை. பல கைப்பேசிகள் பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக மெல்லிய ஒலியைத் தாமாகவே தூக்கி, உரத்த ஒலியை அமுக்கிவிடும். இரைச்சல் நீக்கும் வசதி இன்னும் மோசம். பெடலை மிதித்தபடி கடைசிச் சுரம் தேய்ந்து மறைய நீங்கள் காத்திருப்பீர்கள். அது அந்த வாலை இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும். இந்த இரண்டையும் அணைக்க வழியுள்ள ஒலிப்பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். இருப்பதிலேயே ஓங்கி வாசித்து, ஒலி உடைகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியைப் பியானோ மேல் மட்டும் வைக்காதீர்கள். சுத்தி அடிப்பதும் பெடல் தட்டுவதும் மரம் வழியே நேராக ஏறும். நான்கைந்து அடி தள்ளி, ஒரு ஸ்டூலில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள். மேல்மூடியைத் திறந்துவிடுங்கள். அப்ரைட் பியானோவின் ஒலிப்பலகை பின்பக்கம் இருப்பதால், இரண்டு பேராகப் பிடித்துச் சுவரிலிருந்து அரை அடி நகர்த்தினால் நல்லது. டைல்ஸ் தரையில் கம்பளம் விரித்தால் எதிரொலி அடங்கும். அப்புறம், ஃபிளைட் மோட். வாட்ஸ்அப் ஒருமுறை டிங் என்றால் போதும், எல்லாம் போச்சு.

காத்தாடியை நிறுத்தத்தான் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, முன்கூட்டியே ஏர்கோன் போட்டு அறையைக் குளிரவைத்துவிட்டு அணைத்துவிடுங்கள். மாலை இடி மழையும் துன் சம்பந்தன் சாலைப் பக்கத்து மோனோரயிலும் வந்தால் வரட்டும். உங்கள் வீட்டின் சத்தம்தானே.

இங்குள்ள ஈரப்பதத்தில் சுருதி விலகுவது சகஜம். ட்யூனரைக் கூப்பிடுங்கள், ஆனால் அவர் வரும்வரை காத்திருக்காதீர்கள். 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் ஓபரா அரங்கில் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்குக் கேட்ட பியானோ கிடைக்கவில்லை. மேல்ஸ்தாயி மெலிந்த, பெடல் சரியில்லாத ஒரு சிறிய பியானோதான் இருந்தது. அவர் நடுக்கட்டைகளையே அதிகம் நம்பி, முன்தயாரிப்பு இல்லாமல் வாசித்தார். அன்றைய ஒலிப்பதிவை உலகம் இன்றும் கேட்கிறது. உங்கள் பியானோவில் எந்தக் கட்டைகள் இனிக்கின்றனவோ அங்கேயே அதிகம் உலாவுங்கள்.

பதிவை அன்றே கேட்கவேண்டாம், குறைதான் கண்ணில் படும். ஞாயிறு காலை ஹெட்ஃபோனில் கேட்டு, பிடித்த இடம் எத்தனையாவது நிமிடம் என்று குறித்துவையுங்கள். சில மாதம் இப்படிப் போன பிறகும் ஒலி போதவில்லை என்று தோன்றினால், இரண்டு மைக் உள்ள கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கலாம். அதில் ஒலி அளவை நீங்களே வைத்து, ஓங்கி வாசிக்கும்போது ஒலி அளவைக் காட்டும் முள் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.