காஷ்மீர் கைதுகள்: தில்லி வாசகர்களின் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலி. ஸ்ரீநகரிலிருந்து வரும் சால்வை வியாபாரிகள் இருவர் குளிர்காலத்துக்கு மட்டும் கேட்கிறார்கள். செங்கோட்டை குண்டுவெடிப்புக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் "வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?
(மயூர் விஹார் வாசகி)

தாராளமாகக் கொடுக்கலாம். காஷ்மீரிகளுக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. குடிவருபவரின் விவரத்தைக் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது மட்டும் கட்டாயம். சால்வைக்காரருக்கும் அதே விதிதான், ராஜேந்தர் நகரில் ஐ.ஏ.எஸ். படிக்க வந்த சேலத்துப் பையனுக்கும் அதே விதிதான். தில்லி போலீஸ் இந்த உத்தரவை பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163ஆம் பிரிவின் கீழ் போடுகிறது. அது இரண்டு மாதத்தில் காலாவதியாகும் என்பதால் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பார்கள். மீறினால் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 223ன் படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனித உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால் ஓராண்டு, 5,000 ரூபாய்.

இருவருக்கும் தனித்தனிப் படிவம் போடுங்கள். புகைப்படம், அடையாள அட்டை நகல், செல் நம்பர், சொந்த ஊர் முகவரி, அந்த ஊர் எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் வருகிறது என்ற விவரம் எல்லாம் வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஊர்ப் போலீஸிடம் விசாரிக்க வழியில்லாமல் படிவம் அங்கேயே நின்றுபோகும். அட்டையின் அசலை நீங்களே பாருங்கள். போன குளிர்காலத்தில் எங்கே தங்கினார்கள் என்று கேட்டு, அந்த வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். ஆண்டுதோறும் வருகிற வியாபாரிக்கு இதில் கஷ்டமே இருக்காது.

படிவத்தை ஆன்லைனில் கொடுத்தால் ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை, தேதி, டைரி எண் மூன்றையும் வாங்காமல் வரவேண்டாம். "வெரிஃபிகேஷன் ஆச்சு ஜி" என்று தரகர் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. வில்லங்கம் பெரும்பாலும் பிறகுதான் வரும். படிவத்தில் இருவர் இருப்பார்கள், ஜனவரியில் மூன்றாவதாக ஒரு சித்தப்பா பையன் வந்து சேருவான். அவனுக்கும் உடனே படிவம் போடுங்கள். வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். அந்த இணைப்பில் நடப்பதற்கெல்லாம் முதலில் உங்கள் பெயர்தான் வரும்.

காரை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் ஆர்.சி. (பதிவுச் சான்று) என் பெயரில்தான் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
(ஜனக்புரி வாசகர்)

பயத்தை விட்டு முதலில் வேலையை முடியுங்கள். 2025 நவம்பர் 10 அன்று செங்கோட்டை அருகே வெடித்த கார் ஹரியானா பதிவெண் கொண்டது. பல கை மாறியது. பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரைத்தான் போலீஸ் முதலில் தேடிப் போனது.

விற்பவர் 14 நாளுக்குள் படிவம் 29ல் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள் அவகாசம். படிவம் 28ல் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனையின்மைச் சான்று) வேண்டும். வாங்கியவர் படிவம் 30 கொடுக்க வேண்டும். வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு டீலரிடம் கொடுத்துவிட்டு வருவதுதான் இங்கே வழக்கம், ஆபத்தும் அதில்தான். இப்போதாவது விற்பனைச் சீட்டு, வாங்கியவரின் அடையாள நகல் இரண்டையும் இணைத்து ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாகனப் பதிவுக்கான அரசின் 'வாகன்' இணையதளத்தில் பெயர் மாறும்வரை விடாதீர்கள்.

"ஓவர் கிரவுண்ட் வொர்க்கர் கைது" (தீவிரவாதிகளுக்கு ஊருக்குள்ளிருந்து உதவுபவர்) என்று செய்தி வருகிறது. துப்பாக்கி தூக்காதவரைப் பிடித்து என்ன பயன்?
(ஆர்.கே.புரம் வாசகர்)

காட்டில் இருப்பவனுக்குச் சோறு, வழி, சிம், பணம் எல்லாம் ஊருக்குள்ளிருந்துதான் போகவேண்டும். அந்தக் கையைப் பிடித்தால் மற்றதெல்லாம் தானே வரும். பஹல்காமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். ஜூனில் என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) உள்ளூர்க்காரர்கள் இருவரைப் பிடித்தது. தாக்குதலுக்கு முன் ஹில் பார்க் பகுதியில் மேய்ச்சல்காரர்கள் கோடையில் தங்கும் குடிசை ஒன்றில் தீவிரவாதிகளுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜூலை 28ல் ஸ்ரீநகர் அருகே தாச்சிகாம் காட்டில் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, உடல்களை அடையாளம் காட்டியவர்களில் ஏற்கெனவே காவலில் இருந்தவர்களும் உண்டு என்று உள்துறை அமைச்சர் மக்களவையில் சொன்னார். பிடிபட்ட துப்பாக்கிகளைப் பைசரனில் கிடைத்த தோட்டாக் கூடுகளோடு சண்டிகர் தடயவியல் கூடத்தில் ஒப்பிட்டார்கள்.

செங்கோட்டை வழக்கின் நூலும் சின்ன இடத்தில்தான் கிடைத்தது. ஸ்ரீநகரின் நவ்காமில் அக்டோபரில் ஒட்டப்பட்ட ஜெய்ஷ்-இ-முகமது தீவிரவாத அமைப்பின் சுவரொட்டிகளைத் துருவிக்கொண்டே போன காஷ்மீர் போலீஸ், ஃபரிதாபாதில் சுமார் 2,900 கிலோ வெடிபொருள் சரக்கு வரை வந்து சேர்ந்தது.

அடைக்கலம் கொடுப்பது உபா (யு.ஏ.பி.ஏ., சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) சட்டத்தின் 19ஆம் பிரிவில் வருகிறது. குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆயுள். "தெரிந்தே, தன் விருப்பத்தால்" என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். நள்ளிரவில் துப்பாக்கியோடு வந்தவனுக்குக் கதவைத் திறந்தவர் கதை வேறு. நீதிமன்றத்தில் சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கணவனுக்கோ மனைவிக்கோ அடைக்கலம் கொடுத்தவரை இந்தப் பிரிவு தொடாது என்பது பலருக்குத் தெரியாது.

சிலர் மேல் சில மாதங்களில் குற்றப்பத்திரிகை வருகிறது. சிலர் வழக்கே இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கிறார்கள். எப்படி?
(கரோல் பாக் வாசகர்)

இரண்டும் வேறு வேறு பாதை. உபாவில் கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். கைதின் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தராமல் போனால் கைதே செல்லாது. போலீஸ் காவல் 30 நாள் வரை. குற்றப்பத்திரிகைக்கு 90 நாள். அரசு வழக்கறிஞர் காரணம் காட்டிக் கேட்டால் நீதிமன்றம் 180 வரை நீட்டலாம். பஹல்காம் வழக்கில் ஜூன் 22ல் கைது அறிவிப்பு, டிசம்பர் நடுவில் ஜம்முவில் குற்றப்பத்திரிகை. கிட்டத்தட்ட முழு அவகாசமும் போயிற்று. கெடு தவறினால் ஜாமீன் உரிமையாகிவிடும், அதனால்தான் கடைசி வாரத்தில் அத்தனை அவசரம்.

இன்னொன்று ஜம்மு காஷ்மீர் பொதுப் பாதுகாப்புச் சட்டம், 1978. மரக் கடத்தலைத் தடுக்க என்று ஷேக் அப்துல்லா காலத்தில் வந்தது! இதில் விசாரணையே இல்லை. ஆணையில் மாவட்ட ஆட்சியரே கையெழுத்துப் போடலாம். பொது ஒழுங்கு என்றால் ஓராண்டு வரை, மாநிலப் பாதுகாப்பு என்றால் ஈராண்டு வரை. 2018 திருத்தத்துக்குப் பிறகு வெளிமாநிலச் சிறைக்கும் அனுப்பலாம். ஆக்ரா சிறை வாசலில் காஷ்மீர்க் குடும்பங்கள் காத்து நின்றது அதனால்தான். ஆவணங்களைக் கைதிக்குப் புரியும் மொழியில் கொடுக்காதது, பழைய எஃப்.ஐ.ஆரை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது போன்ற காரணங்களால் உயர் நீதிமன்றத்தில் இந்த ஆணைகள் அடிக்கடி விழுகின்றன. ஆனால் அதற்குள் பல மாதம் போயிருக்கும். தண்டனை வாங்கித் தர முடியாத இடத்தில் இந்தச் சட்டம் வசதியான குறுக்குவழி ஆகிவிட்டது என்பது எம் கருத்து.

உபாவில் ஜாமீனே கிடைக்காதா?
(முனிர்கா வாசகர்)

கடினம். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கூடாது என்கிறது உபாவின் 43டி(5) பிரிவு. அந்தக் கட்டத்தில் சாட்சியத்தை ஆழமாக எடைபோடக் கூடாது என்றது உச்ச நீதிமன்றத்தின் 2019 வட்டாலி தீர்ப்பு. விசாரணை முடியாமல் நெடுங்காலம் சிறையில் இருப்பவருக்கு அரசியல் சாசன நீதிமன்றங்கள் (உயர், உச்ச நீதிமன்றங்கள்) ஜாமீன் தரலாம் என்று 2021ல் நஜீப் வழக்கில் ஒரு கதவு திறந்தது. எந்த அமர்வு எதைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஒவ்வொரு வழக்கிலும் மாறுகிறது.

"என்ஐஏ அதிகாரி" வீடியோ காலில் வந்து, உங்கள் ஆதார் பஹல்காம் வழக்கில் சிக்கியிருக்கிறது, கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது என்கிறார். எனக்கு வயது 71.
(கிரேட்டர் கைலாஷ் வாசகி)

உடனே துண்டியுங்கள். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. சாட்சியாக விசாரிப்பதானால் எழுத்தில் நோட்டீஸ் வரும். அதில் வழக்கு எண், அதிகாரி பெயர், பிரிவு எல்லாம் இருக்கும். பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 179. சந்தேக நபருக்கான 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத்தைச் "சரிபார்ப்புக் கணக்குக்கு" மாற்றச் சொல்லும் அதிகாரி எந்த ஏஜென்சியிலும் இல்லை.

பணம் போய்விட்டதா? அழுதுகொண்டு உட்காராமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். பணம், கும்பல் வாடகைக்கு எடுத்த பிறரின் வங்கிக் கணக்குகளில் துண்டு துண்டாகப் பிரிந்து ஏ.டி.எம்.மில் வெளியே போவதற்குள் வங்கிகள் முடக்க வேண்டும். காலையில் போனதை மறுநாள் சொன்னால் பெரும்பாலும் மிஞ்சாது. பிக்சட் டெபாசிட்டை உடைக்கச் சொல்லியிருந்தால் கிளை மேலாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கும்பல் முதலில் தடுக்கப் பார்ப்பது அதைத்தான்.

காஷ்மீர் சுற்றுலா போகிறோம். ஏதாவது எச்சரிக்கை?
(பட்பட்கஞ்ச் வாசகர்)

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது. கிளம்புமுன் போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள். அசல் அடையாள அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். முகாம், செக்போஸ்ட், ராணுவ வண்டிகளைப் படம் எடுக்க வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.