வண்டி கேள்வி பதில்: பேட்டரி ஏன் கொதிக்கிறது?

கேள்வி: என்னிடம் 1996ஆம் ஆண்டு டீசல் ஜீப் ஒன்று உள்ளது. ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை மலைக்குச் சாமான் ஏற்றிச் செல்கிறேன். ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகள் கெட்டுவிட்டன. வாரந்தோறும் தண்ணீர் குறைகிறது. முகப்பு விளக்கு பல்புகளும் அடிக்கடி ஃப்யூஸாகின்றன. தனிப் பெட்டியாக உள்ள கட்-அவுட்டை (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்) இரண்டு முறை மாற்றியும் பேட்டரியில் 15.3 வோல்ட் காட்டுகிறது. ரேஸ் கொடுத்தாலும் அதற்கு மேல் ஏறுவதில்லை. விளக்கைப் போட்டால் மட்டும் 15.7 ஆகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– ஒடுகத்தூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ரேஸ் கொடுத்தும் விளக்கைப் போட்டும் தனித்தனியாக அளந்து எழுதினீர்களே, பழுதின் தடயம் அந்த அளவுகளில்தான் இருக்கிறது. 14.3 அளவில் நிற்க வேண்டியது 15.3 வரை ஏறுவதால்தான் பேட்டரி கொதித்துத் தண்ணீர் குறைகிறது. கட்-அவுட் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் ஆல்டர்னேட்டருக்குள் காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்குக் கட்டுப்பாடின்றி மின்சாரம் போய், எஞ்சின் வேகம் கூடக் கூட வோல்ட்டும் 16, 17 என்று ஏறிக்கொண்டே போகும். உங்கள் வண்டியில் அது ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே கட்-அவுட் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு வந்து சேரும் மின்னழுத்தம்தான் குறைவாக இருக்கிறது.

இவ்வகைப் பழைய வண்டிகளில் கட்-அவுட் பேட்டரியை நேராகப் பார்ப்பதில்லை. பேட்டரியிலிருந்து இக்னிஷன் சுவிட்ச், ஃப்யூஸ் பெட்டி, இடையில் இரண்டு மூன்று இணைப்புகள் எனச் சுற்றி வரும் ஒயரின் முனையில் எவ்வளவு இருக்கிறதோ, அதையே பேட்டரியின் அளவாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பாதையில் பச்சை பூத்த ஒரு ஃப்யூஸ் கிளிப்போ, தேய்ந்துபோன சுவிட்ச் முனையோ ஒரு வோல்ட்டை விழுங்கிவிட்டால், தன்னிடம் 14.3 வந்து சேரும்வரை கட்-அவுட் ஆல்டர்னேட்டரை முடுக்கும். அப்போது பேட்டரியில் 15.3 நிற்கும். விளக்கைப் போட்டதும் அதே பாதையில் கூடுதல் மின்சாரம் ஓடுவதால் இழப்பும் கூடுகிறது. நல்ல நிலையிலுள்ள வண்டியில் விளக்கைப் போட்டால் வோல்ட் சற்று இறங்கலாமே தவிர ஏறக் கூடாது.

இதை உறுதி செய்ய ஒரு மல்டிமீட்டர் போதும். முதலில் மீட்டருக்குள் இருக்கும் பேட்டரியைப் புதிதாகப் போடுங்கள். அது வலுவிழந்தால் டிஜிட்டல் மீட்டர் உண்மைக்கு மேலான அளவைக் காட்டும், நல்ல வண்டியையும் பழுதென்று சொல்லிவிடும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டு, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிடிவ் முனையிலும், கறுப்பு முனையைக் கட்-அவுட்டுக்கு இக்னிஷன் ஒயர் வந்து சேரும் இடத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பாதை நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட் அளவில் காட்டினால், கறுப்பு முனையை ஃப்யூஸின் இரு பக்கமும், சுவிட்சின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக நகர்த்தி வாருங்கள். அளவு சட்டென்று குறையும் இடத்தில்தான் பழுது இருக்கிறது. இதேபோலப் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் கட்-அவுட்டின் உலோக உறைக்கும் இடையிலும் அளக்க வேண்டும். பெயின்ட் அடித்த தகட்டின் மேல் அப்படியே போல்ட் முடுக்கி, எர்த் சரியாகக் கிடைக்காமல் இதே கோளாறு வருவதும் உண்டு. கட்-அவுட்டை இரு முறை கழற்றி மாட்டியிருப்பதால் உங்கள் வண்டியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பழுதான முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சுவிட்சே தேய்ந்திருந்தால், பேட்டரி பாசிடிவிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, பழைய இக்னிஷன் ஒயரை அந்த ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்தி, கட்-அவுட்டுக்கு நேரடி இணைப்புக் கொடுங்கள். மலைப்பாதைக் குலுக்கலில் தளரும் பழைய இணைப்புகளை நம்பியிருப்பதைவிட இதுவே மேல்.

கேள்வி: மீட்டரில் 14.2தான் காட்டுகிறது, ஆனாலும் என் வண்டியின் பேட்டரி கொதிக்கிறதே?
– காட்பாடி வாசகர்

பதில்: அப்படியானால் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆறு செல்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால், அதே 14.2 வோல்ட்டை மற்ற ஐந்து செல்களும் பங்கிட்டுக்கொண்டு கொதிக்கும். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒரு செல்லின் அளவு மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் பேட்டரியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நம் வேலூர் வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள்: 25 டிகிரியில் 14.4 பொருத்தமான அளவென்றால், 40 டிகிரியில் 14.1 போதும். குறைந்த தண்ணீருக்குப் பதிலாக போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கொதிக்கும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் அருகில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

கேள்வி: வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கலாமா? மலையில் ஓவர்சார்ஜ் ஆனால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றலாமா?
– அணைக்கட்டு வாசகர்

பதில்: இரண்டும் கூடாது. ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் கட்-அவுட்டும் பழுதாகலாம். பல பழைய எஞ்சின்களில் தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. அதைக் கழற்றி மலையேறினால் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். மலையில் ஓவர்சார்ஜ் ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டு, கட்-அவுட்டிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் ஃபீல்டு ஒயரை மட்டும் கழற்றி, அதன் முனை எங்கும் படாதபடி டேப் சுற்றுங்கள். எரிபொருளுக்கு மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் எஞ்சின் சார்ஜ் இல்லாமலும் ஓடும். பகல் வெளிச்சத்திலேயே கீழே இறங்கிவிடுங்கள்.