அஸ்திவாரம் இல்லையென்றால் அனுமதியும் வேண்டாமா?

கேள்வி: தாம்பரத்தைத் தாண்டி ஓர் ஊராட்சியில் எனக்கு 600 சதுர அடி மனை இருக்கிறது. 2011இல் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்றார்கள். பத்திரம் என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறேன். கல்வீடு கட்டும் அளவுக்கு வசதி இல்லை. 20 அடி கன்டெய்னர் ஒன்றை வீடாக மாற்றி 4,80,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அஸ்திவாரம் இல்லாததால் எந்த அனுமதியும் தேவையில்லை என்கிறார். 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மனையில் சரிவராவிட்டால் மடிப்பாக்கத்தில் தம்பி வீட்டு மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அனுமதி வேண்டும். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி நான்கரை லட்சம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

‘மண்ணைத் தோண்டவில்லை, வேண்டும்போது தூக்கிக்கொண்டு போகலாம், ஆகவே இது கட்டடம் ஆகாது’ என்பது கன்டெய்னர் விற்பவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் பேச்சு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எந்தப் பொருளால் ஆனாலும், எந்த நோக்கத்துக்காக நின்றாலும் அது கட்டடம்தான் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நிலை. விழாவுக்கு அனுமதி வாங்கிப் போடும் பந்தல், ஷாமியானா போன்றவற்றுக்குத்தான் விலக்கு. கைபேசிக் கோபுரங்களுக்குச் சொத்து வரி போடலாமா என்ற வழக்கில், அவையும் கட்டடம் என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. கம்பிக் கோபுரமே கட்டடம் என்றால், சமையலறையும் கழிப்பறையும் வைத்து ஒருவர் குடியிருக்கும் இரும்புப் பெட்டி எப்படித் தப்பும்?

அனுமதியில்லாமல் எழும் கட்டுமானத்தைப் பூட்டி முத்திரையிடவும் அகற்றவும் 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் அதிகாரம் தருகின்றன. பல ஆண்டுகள் யாரும் எட்டிப் பார்க்காமலே இருக்கலாம். பக்கத்து மனைக்காரரோடு தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வாய்த்தகராறு வந்தால் போதும், மறுநாளே மனு போய்விடும். அறுபது வயதில் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் அலைவதை நான் விரும்பவில்லை.

விற்பவருக்கு ஒரு சோதனை வையுங்கள். ‘இதற்கு அனுமதி தேவையில்லை’ என்பதை நிறுவனத் தாளில், ஜிஎஸ்டி எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்லத் தயாராக இருப்பவர்கள் பேனாவை எடுக்க மாட்டார்கள்.

உண்மையில், கன்டெய்னரைவிட எனக்கு அதிகம் கவலை தருவது உங்கள் மனை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஒன்று கிடையாது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது உங்கள் பகுதி எதன் எல்லைக்குள் வருகிறதோ அதைப் பொறுத்து சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). ஊராட்சித் தலைவர் போட்ட முத்திரையைக் காட்டி முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஏழை எளிய மக்களிடம் மனை விற்றிருக்கிறார்கள். விற்றவன் போய்விட்டான், வாங்கியவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். இதில் என்னை அடங்காத கோபத்துக்கு ஆளாக்குவது அரசின் பங்கு. அந்தப் பத்திரங்களை எல்லாம் பதிவு செய்தது அரசு அலுவலகம். முத்திரைத்தாள் கட்டணம் வாங்கியது அரசு. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இவற்றின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான், ‘இவை அங்கீகாரமில்லாத மனைகள்’ என்பது பதிவு அலுவலகங்களின் கண்ணில் பட்டது. பிறகு ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்து, அதற்கும் கட்டணத்தை வாங்கியவரிடமே கேட்கிறார்கள்.

கோபப்பட்டுப் பயனில்லை, வழியைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தும் விதிகள்படி, 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் பத்திரப் பதிவான மனைகளுக்கு விண்ணப்பிக்கலாம். உங்களுடையது 2011. அந்த வகையில் தகுதி இருக்கிறது. முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் வரும், பிறகு உங்கள் மனைக்குத் தனி உத்தரவு. உங்கள் வரிசையில் யாராவது ஏற்கெனவே வீடு கட்டியிருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மனைப்பிரிவு ஒப்புதல் அவரிடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டணம், ஒழுங்குபடுத்தும் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் என்று தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருப்பதால், இப்போது எந்தத் தேதி நடப்பில் இருக்கிறது என்று இணையதளத்தில் பார்த்துவிட்டு இறங்குங்கள். நீர்நிலை, புறம்போக்கு, சாலைக்கு ஒதுக்கிய இடம் ஆகியவற்றில் மனை விழுந்திருந்தால் எந்தக் கட்டணத்தாலும் அது சரியாகாது. அதனால் ஒரு ரூபாய் கட்டும் முன் வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் மூன்றையும் எடுத்து, சர்வே எண் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். இவற்றையெல்லாம் இணையவழியில் நீங்களே செய்யலாம். ‘மொத்தமாக முடித்துத் தருகிறேன்’ என்று வரும் தரகர், அரசுக்குப் போகும் கட்டணத்தையும் தன் பங்கையும் ஒரே தொகையாகச் சொல்வார். பிரித்துச் சொல்லக் கேளுங்கள், அரசுக் கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்து நீங்களே செலுத்துங்கள்.

‘வீட்டு வரி ரசீது போட்டுத் தருகிறேன், அதுவே போதும்’ என்றும் ஒருவர் உங்களிடம் வருவார். நம்பாதீர்கள். வரி ரசீது, வரி கட்டியதற்குச் சான்று. மின் இணைப்பு அட்டை, மின்சாரம் வாங்குவதற்குச் சான்று. இரண்டில் எதுவும் கட்டட அனுமதி ஆகாது. இந்த இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுக்கு அனுமதி இருக்கிறது என்று நம்பிப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மனை ஒழுங்கானபின் கட்டட அனுமதி நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும் என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டி அனுமதி பெறலாம். உங்கள் 600 சதுர அடி இதற்குள் தாராளமாக அடங்கும். ஆனால் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், சான்று சொல்வது நீங்கள். தவறான தகவல் தந்தால் பொறுப்பும் உங்களுடையதே. வரைபடத்தைப் பதிவுபெற்ற பொறியாளரிடம் கொடுத்துப் போடுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு, சாலையிலிருந்தும் பக்கத்து மனையிலிருந்தும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சின்ன வீட்டுக்கும் உண்டு.

இனி அந்தக் கன்டெய்னர். 20 அடி நீளம், 8 அடி அகலம், ஆக 160 சதுர அடி. சதுர அடிக்கு 3,000 ரூபாய் ஆகிறது. ஆயத்தக் கட்டடங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது விலைக்குள் அடங்கியதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தனி என்றால் இன்னும் 86,400 ரூபாய். லாரி வாடகை, கிரேன் வாடகை, கீழே நான்கு மூலைக்கும் கான்கிரீட் மேடை, கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர், மின் இணைப்பு எல்லாம் அதற்கு மேல். இதில் கழிவுநீர்த் தொட்டியும் மேடையும் மண்ணைத் தோண்டாமல் வராது. ‘அஸ்திவாரம் இல்லை’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

உள்ளே எவ்வளவு இடம் கிடைக்கும்? வெறும் பெட்டியின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர், உயரம் சுமார் 2.39 மீட்டர். சென்னை வெயிலுக்கு வெப்பத் தடுப்புப் பலகை அடிக்காமல் அதில் குடியிருக்க முடியாது. அடித்தால் இரண்டு பக்கமும் மேலேயும் இன்னும் குறையும். தேசிய விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்குக் கேட்பது 2.4 மீட்டர் அகலம், 9.5 சதுர மீட்டர் பரப்பு, 2.75 மீட்டர் உயரம், அதாவது ஒன்பது அடி. சாதாரண கன்டெய்னர் அகலத்திலும் உயரத்திலும் தோற்றுவிடுகிறது. இந்த அளவைப் போட்டு எந்தப் பொறியாளர் உங்களுக்குக் கையெழுத்திடுவார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். கப்பலில் ஓடிய பெட்டியின் கதவில் ஓர் உலோகத் தகடு அறைந்திருக்கும். எந்த ஆண்டில் செய்தது, எவ்வளவு எடை தாங்கும் என்பதோடு, தரையில் உள்ள மரப்பலகைக்கு என்ன பூச்சி மருந்து அடித்தார்கள் என்பதும் அதில் பொறித்திருக்கும். வாங்கும் முன் அந்தத் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டைப் பிடுங்கிவிட்டு மேலே வண்ணம் பூசியிருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். தகடு இருந்தாலும் பழைய தரைப்பலகையை மாற்றித் தரச் சொல்லுங்கள். நீங்கள் தூங்கப் போவது அதன் மேல்தான்.

தொழிற்சாலையில் செய்த வீடுதான் வேண்டும் என்றால், பலகைகளாகக் கொண்டுவந்து மனையிலேயே பொருத்தும் வகையைக் கேளுங்கள். பத்தடி அகலம், பத்தடி உயரம் என்று மனைக்குத் தக்கபடி வரும், அனுமதி வரைபடத்திலும் உட்காரும். அதே பணத்துக்கு 200 சதுர அடியில் ஹாலோ பிளாக் சுவரும் கான்கிரீட் கூரையும் என்ன ஆகும் என்று உள்ளூர் மேஸ்திரி ஒருவரிடமும் மதிப்பீடு கேட்டுவிடுங்கள். வித்தியாசம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருக்காது.

‘சைட் ஆபீஸ் என்று சொல்லி வைத்துக்கொள்ளலாம்’ என்று உங்களிடம் இதுவரை சொல்லியிருக்காவிட்டால் நாளை சொல்வார்கள். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். அனுமதி பெற்ற கட்டுமானம் நடக்கும் இடத்தில், சிமெண்டு மூட்டை அடுக்கவும் காவலாளி தங்கவும் போடும் கொட்டகையை யாரும் தனி வீடாகப் பார்ப்பதில்லை. வேலை நடக்கும் காலத்துக்கு அது தேவை, வேலை முடிந்ததும் போய்விடும் என்பதுதான் காரணம். எனவே நீங்கள் முறைப்படி அனுமதி வாங்கி வீடு கட்டத் தொடங்கினால், சாமான் வைக்கவும் பகலில் இருந்து வேலையைப் பார்க்கவும் ஒரு கேபினை மாத வாடகைக்கு எடுத்து நிறுத்தலாம். அதை விலைக்கு வாங்கத் தேவையே இல்லை. கட்டுமானமே இல்லாத காலி மனையில் அதே கேபினை நிறுத்தினால் அது எந்த வேலைக்கான கொட்டகை? ஆண்டுக்கணக்கில் நின்றால் தற்காலிகம் என்று எந்த அதிகாரி ஏற்பார்? தற்காலிக மின் இணைப்பில் வீட்டுக் கட்டணம் வராது, அதைவிடக் கூடுதல் கட்டணம்தான். வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரமும் கிடையாது. வீட்டு எண் இல்லாததால் ரேஷன் அட்டையையும் எரிவாயு இணைப்பையும் அந்த முகவரிக்கு மாற்றப் போகும்போது திண்டாட்டம். இந்தக் கொட்டகைச் சலுகை வீடு கட்டுபவருக்கு உரியது, வீட்டுக்குப் பதிலாக வைப்பவருக்கு இல்லை.

சக்கரம் வைத்த வீடு என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

தம்பி வீட்டு மொட்டை மாடி வேண்டாம். அந்த வீட்டின் வரைபடத்தில் இல்லாத ஒன்றை மேலே ஏற்றினால் தம்பி வீட்டின் அனுமதியும் சிக்கலில் மாட்டும். அதைவிட முக்கியம் எடை. காலிப் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல், உள்ளே வேலை முடிந்து தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தால் இன்னும் பல மடங்கு கவனம் வேண்டும். அந்த எடை தளம் முழுவதும் பரவாது, நான்கு மூலை இரும்புக் கட்டைகளின் வழியாக நான்கு இடத்தில் குத்தி இறங்கும். அந்த நான்கு இடத்துக்கு நேர் கீழே தூண் இருக்கிறதா? தம்பியின் வீடு பழைய சுமைதாங்கிச் சுவர் வீடு என்றால் தூணே இருக்காது. மாடியில்தான் இருக்க வேண்டும் என்றால், வீட்டைக் கட்டிய பொறியாளரைக் கூட்டிவந்து காட்டி, முதல் தளமாகவே அனுமதி கேட்டு முறைப்படி கட்டுங்கள். அதற்கு மேலே சொன்ன சுயசான்று முறையே உதவலாம். உங்கள் பணத்தில் தம்பியின் இடத்தில் கட்டுவதால், அது யாருக்குச் சொந்தம் என்பதைக் கட்டும் முன்பே பதிவு செய்த பத்திரமாக எழுதிக்கொள்ளுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

கொடுத்த 25,000 ரூபாயை எழுத்துப்பூர்வமாகத் திரும்பக் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில். ‘அனுமதி தேவையில்லை என்று நீங்கள் சொன்னதை நம்பிக் கொடுத்தேன்’ என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அதுவரை அழித்துவிடாதீர்கள்.