கல்வெட்டுகளில் வரும் ‘பள்ளிச்சந்தம்’ என்றால் என்ன?

சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட இறையிலி (அரசுக்கு வரி கட்ட வேண்டாத) நிலம்தான் பள்ளிச்சந்தம். சிவன் கோயிலுக்கு விட்டால் தேவதானம். பிராமணருக்கு என்றால் பிரமதேயம்.

அரசன் கொடுத்தது பெரும்பாலும் மண்ணை அல்ல, அதில் தனக்கு வரவேண்டிய வரியை. வீட்டுக்காரர், “இனி வாடகையை என் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள்” என்று குடித்தனக்காரரிடம் சொல்வதைப் போல. பணம் போகும் இடம்தான் மாறும். ‘குடி நீக்கி’ என்று எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. பழைய குடிகள் வெளியேற வேண்டியதுதான்.

நல்ல உதாரணம் ஆனைமங்கலம். ஸ்ரீவிஜய (சுமாத்திராப் பகுதி) அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் (சுமார் 1006) இவ்வூரை விட்டான். ஆண்டு வருவாய் 8,900 கலம் நெல்லுக்கு மேல். வாய்ச்சொல்லோடு முடியவில்லை: பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, ஓலை எழுதினார்கள். கல்லைப் பிடுங்கலாம், வேர்விட்ட கள்ளி வேலியைச் சத்தமில்லாமல் நகர்த்த முடியாதே! இந்தக் கொடையைப் பிறகு செப்பேட்டிலும் வெட்டினார்கள். நெதர்லாந்தின் லைடன் நகரில் வைக்கப்பட்டிருந்ததால் லைடன் செப்பேடு என்று நாம் சொல்வது அதைத்தான்.

‘பள்ளி’ என்றதும் பள்ளிக்கூடத்துக்கு விட்ட நிலம் என்று பலர் எழுதுகிறார்கள். இங்கே பள்ளி என்பது துறவிகள் தங்கும் இடமும் வழிபாட்டிடமும்.